பொம்பா அக்கா கூட்டிய ரோடு

மலாக்கா மாநிலத்தில் தீப்பெட்டி வியாபாரம் படுத்துப்போனதற்குப் பொருளாதார நிபுணர்கள் ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மையான காரணம் ஒரே ஒரு பெண்தான். மெர்லிமாவுக்குப் பக்கத்தில், எங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில், மூலை வீட்டில் குடியிருந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த பொம்பா அக்கா.

பொம்பா என்றால் எங்கள் நாட்டுப் பேச்சில் தீயணைப்புப் படை. சிவப்பு லோரி, ஏணி, நீளக் குழாய், சைரன் எல்லாம் சேர்ந்ததுதான் பொம்பா. அக்காவிடம் ஏணி கிடையாது. ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் முன்கூடையில் மூடி போட்ட தண்ணீர் வாளி எப்போதும் இருக்கும். சைரன் தேவைப்படவில்லை, தொண்டை இருந்தது. எங்கே புகை கிளம்பினாலும் அங்கே வாளியோடு போய் நிற்பார். யாரென்று கேட்க மாட்டார், எதற்கென்று கேட்க மாட்டார். முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. ஏன் இப்படிப் புகையின் மேல் இவ்வளவு கோபம் என்பதற்கு ஊரில் பல கதைகள் உலவின. சின்ன வயதில் குடியிருந்த தோட்டத்து லயத்து வீடு தீப்பிடித்தது என்றார்கள். புருஷன் சிகரெட் பிடித்தே செத்தார் என்றார்கள். நானும் ஒருமுறை உருக்கமான கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும் என்று பக்குவமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"பொக எனக்குப் பிடிக்காது தம்பி. அவ்ளோதான்" என்றார்.

"இல்லக்கா, மனசுல ஏதாவது ஒரு காயம்..."

"எனக்குப் பாவக்காயும் பிடிக்காது. அதுக்கும் காயம் வேணுமா?"

என் கட்டுரை அங்கேயே செத்தது.

ரவிக்கை தைப்பதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை, பாதி வரைக்கும். பாதியில் எங்கிருந்தாவது புகை வாசனை வந்துவிடும். அக்கா மிஷினை விட்டு எழுந்து ஓடுவார். திரும்பி வந்து உட்காரும்போது அளவு மறந்திருக்கும், கோபம் மட்டும் நினைவிருக்கும். அதனால் எங்கள் தாமான் பெண்களின் ரவிக்கைகளில் வலது கை சினிமா நடிகைக்குத் தைத்தது போலக் கச்சிதமாகவும், இடது கை வேறு யாருக்கோ தைத்தது போலவும் இருக்கும். கோயில் திருவிழாவில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எங்கள் தாமான்காரர்களை இடது கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். என் மனைவி தேவி ஒருமுறை கேட்டேவிட்டாள்.

"அக்கா, இந்தக் கை ரொம்ப லூசா இருக்கே?"

"அன்னிக்கு லிம் எல கொளுத்துனாரும்மா" என்றார் அக்கா. அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

லிம் அங்கிள் எங்கள் எதிர்வீட்டுக்காரர். ஆணி, சுத்தியல் விற்கும் கடை நடத்தி ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் வாசலில் இருக்கும் மாமரத்துச் சருகையெல்லாம் கூட்டிக் குவித்து, தீ வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பதுதான் அவருடைய ஒரே பொழுதுபோக்கு. அக்கா அந்தச் சருகோடு அவர் செருப்பையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போவார். பாவம், பல மாதம் இந்தப் போராட்டம் நடந்தது. கடைசியில் லிம் அங்கிள் தோற்று, சருகைச் சாக்கில் கட்டி வீட்டின் பின்னால் அடுக்க ஆரம்பித்தார். அந்தச் சாக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

பாசார் மாலாம் என்று எங்கள் ஊரில் வாரம் ஒருமுறை தெருச்சந்தை போடுவார்கள். அங்கே இறைச்சியைக் குச்சியில் செருகிச் சாத்தே சுடுகிறவர் கரி அடுப்பை விசிறிக்கொண்டிருக்கும்போது அக்கா அந்தப் பக்கம் வந்துவிட்டார். நடந்ததை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சாத்தேக்காரர் நனைந்த அடுப்பையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்து அழாத குறை. அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. பாதி வெந்திருந்த அத்தனை குச்சிகளையும் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். அடுத்த நாள் முழுக்க எங்கள் தாமானில் யாரும் வீட்டைவிட்டு அதிக தூரம் போகவில்லை.

என் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் ஐயர் ஹோமம் வளர்த்தபோது அக்கா வாசல் வரைக்கும் வாளியோடு வந்துவிட்டார். தேவிதான் ஓடிப்போய் காலைக் கட்டாத குறையாகத் தடுத்தாள். "சாமி காரியமா? சரி, சீக்கிரம் முடிக்கச் சொல்லு" என்று வாளியைக் கீழே வைக்காமல் நின்றார். அதைப் பார்த்த ஐயர் அன்று மந்திரம் சொன்ன வேகத்தில் மாங்கல்யதாரணம் செய்து வைத்திருந்தால் மூன்று கல்யாணம் முடிந்திருக்கும்.

பக்கத்து நாட்டுக் காடு எரிந்து வானமெல்லாம் மங்கும் மாதங்களில் அக்காவைப் பார்க்கவே பாவமாக இருக்கும். வாளியை எடுத்துக்கொண்டு போக முடியாத தூரத்தில் ஒரு தீ. ஒருநாள் கிளேபாங் கடற்கரையில் நின்று சுமத்ரா இருக்கும் திசையைப் பார்த்து அவர் அரைமணி நேரம் திட்டியதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். அன்று சாயங்காலம் மழை பெய்தது.

இப்போது என்னைப் பற்றி. ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் சரக்கு அறையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் எழுத்தாளன். வாரப் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதுவேன். அந்த நாட்களில் எனக்குச் சுற்றுச்சூழல் பித்து பிடித்திருந்தது. ஆறு, மலை, காற்று என்று எழுதித் தள்ளினேன். "பூமித்தாயின் கண்ணீர்" என்ற என் கட்டுரைக்கு வாசகர் கடிதம்கூட வந்தது. அந்தப் பெருமையில் இருந்த ஒரு மத்தியானம், வீட்டில் பழைய பத்திரிகைகள் சேர்ந்துவிட்டன என்று தேவி சத்தம் போட்டாள். பின்கட்டில் போட்டுக் கொளுத்தினேன். புகை சுவருக்கு மேலே தலை நீட்டியதும் மோட்டார் சத்தம் கேட்டது. வாளி கவிழ்ந்தது. அக்கா குனிந்து, பாதி கருகியிருந்த ஒரு தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"பூமித்தாயே, உன் மூச்சை நிறுத்துகிற பாவி யார்..."

படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கேள்வியும் நீதான் எழுதியிருக்க. பதிலும் நீதான் நிக்குற. நல்லா இருக்கு தம்பி."

அதன்பிறகு கொஞ்ச நாள் நான் சினிமா விமர்சனம் எழுதினேன்.

இந்த நிலையில்தான் உண்மையான புகை வந்தது. எங்கள் தாமானுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். தாமானையும், அடுத்து இருக்கும் மலாய்க் கம்பம் என்கிற கிராமத்தையும் ஒட்டி ஒரு குறுகிய தார் ரோடு அதற்குள் போகும். அந்த ரோட்டின் முடிவில் யாரோ ஒரு முதலாளி நிலத்தை வாடகைக்கு எடுத்து, ஆள் உயரத்துக்கு மேல் தகரம் அடித்து மறைத்திருந்தார். மறுசுழற்சி என்று வெளியே எழுதியிருந்தது. லோரி லோரியாகப் பிளாஸ்டிக் குப்பை உள்ளே போனது. வெளியே வந்தது புகை மட்டும்தான். சருகுப் புகை மாதிரி வெள்ளையாக இல்லை. கருப்பும் மஞ்சளும் கலந்து, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காத புகை. துவைத்துப் போட்ட துணியெல்லாம் அந்த நாற்றம் அடித்தது.

தேவிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. பல வருடம் அடங்கிக் கிடந்தது அந்த மாதம் திரும்ப வந்தது. சன்னலையெல்லாம் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகி வைத்தோம். அப்படியும் அவளால் படுத்துத் தூங்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு மூச்சை எண்ணி எண்ணி விடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவேன். எனக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை ஒன்றும் அப்போது உதவவில்லை.

புகார் கொடுக்காமல் இல்லை. கொடுத்தோம். அதிகாரிகள் வந்தார்கள், காலையில் வந்தார்கள். அந்த ஆட்கள் எரிப்பதோ சாயங்காலம். வந்தவர்கள் பூட்டிய கதவைப் பார்த்தார்கள், நீல வானத்தைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். தாமானில் எல்லோரும் கையை விரித்தோம். "என்னா செய்ய முடியும்லா" என்பது எங்கள் தாமானின் தேசிய கீதம் மாதிரி ஆனது. நான் அதைக் கொஞ்சம் இலக்கிய நயத்தோடு பாடினேன்.

பொம்பா அக்கா வாளியோடு போய்ப் பார்த்தார். தகரத்துக்கு மேலே தண்ணீர் போகவில்லை. எட்டி ஊற்றியதில் அவர் தலையில்தான் விழுந்தது. நனைந்த தலையோடு நேராக என் வீட்டுக்கு வந்தார். தேவி சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஒரு வாளி பத்தாது தம்பி. ஆளுங்க வேணும். நாளைக்குக் கூட்டம் போடுறேன். நீ பேசு."

"நானா?"

"நீதான பேப்பர்ல எழுதுற."

பூப்பந்து மைதானத்தில் கூட்டம். சாப்பிடக் கறிபாப் கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்ததால் நல்ல கூட்டம். எங்கள் ஆட்கள் பாதி, சீனர்கள் கொஞ்சம், கம்பத்திலிருந்து பாக் டின் தலைமையில் மலாய்க்காரர்கள். பாக் டின் கம்பத்துச் சூரா என்கிற சிறிய பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர். புகையால் தன் குரலே போய்விட்டதென்று கரகரத்துக்கொண்டு வந்திருந்தார். நான் எழுந்து, "பேரன்புமிக்க பெரியோர்களே" என்று ஆரம்பித்தேன். வளிமண்டலம் என்றேன். நச்சுத் துகள் என்றேன். வருங்காலத் தலைமுறையின் வாழ்வாதாரம் என்றேன். தமிழர்களே முழித்தார்கள். மற்றவர்கள் கறிபாப்பை மெல்வதை நிறுத்திவிட்டு இது என்ன இரங்கல் கூட்டமா என்று பார்த்தார்கள். அக்கா என்னைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தார்.

"ஆசாப். பூசோக். துத்துப்" என்றார். புகை, நாற்றம், மூடு. மூன்றே மலாய் வார்த்தைகள். கூட்டம் கைதட்டியது. என் வாழ்க்கையில் அதைவிடச் சுருக்கமான தலையங்கத்தை நான் கேட்டதில்லை.

"மறியல் செய்யலாம்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். உடனே பாதிப்பேர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். நான் முன்னமே மாட்டியிருந்தேன்.

"மறியல்னு சொன்னா போலீஸ் வரும்" என்றார் அக்கா. "கூட்டிப் பெருக்குறோம்னு சொன்னா யாரு என்னா சொல்லுவா? மந்திரியே வந்து கைகுடுத்துப் படம் பிடிச்சிக்குவாரு. கோத்தோங் ரோயோங் போடுவோம்."

ஊர் கூடிச் சுத்தம் செய்வதற்கு இந்த நாட்டில் கோத்தோங் ரோயோங் என்று பெயர். பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்துப் பழக்கிய நல்ல காரியம். அதைத் தடுக்கிறவன்தான் கெட்டவனாகத் தெரிவான். லோரி வரும் அந்த ஒற்றை ரோட்டை, லோரி வரும் நேரத்தில், தினமும் சுத்தம் செய்வது என்று முடிவானது.

முதல் நாள் சாயங்காலம் அக்கா, லிம் அங்கிள், பாக் டின், இன்னும் கொஞ்சம் பேர். நானும் போனேன். தொழிற்சாலை மேனேஜர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் அடையாளம் தெரியக்கூடாது என்று தொப்பி, கருப்புக் கண்ணாடி, முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டேன். பாக் டின் என்னை அந்தத் தகரக் கொட்டகையின் வேவுகாரன் என்று நினைத்து விளக்குமாற்றை ஓங்கிவிட்டார். தேவிதான், "என் வீட்டுக்காரருங்க" என்று காப்பாற்றினாள். ஆமாம், தேவியும் வந்திருந்தாள். வேண்டாமென்று எவ்வளவோ சொன்னேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். "வீட்ல மூச்சு முட்டுறதுக்கு இங்க முட்டட்டும்" என்றாள்.

லோரி வந்தது. ஹாரன் அடித்தது. நாங்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் கூட்டினோம். அக்கா மட்டும் போய் டிரைவரிடம் சொன்னார்.

"கோத்தோங் ரோயோங் நடக்குதுலா. கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு நேரம்கா ஆகும்?"

"சுத்தமாகுற வரைக்கும்."

லோரி காத்திருந்து பார்த்துத் திரும்பிப் போனது. அடுத்த நாள் கூட்டம் பெருகியது. அதற்கடுத்த நாள் இன்னும். கம்பத்துப் பெண்கள் பெரிய சட்டியில் மீ கோரேங் கிண்டிக் கொண்டுவந்தார்கள். கோயில் கமிட்டி தண்ணீர்ப் பந்தல் போட்டது. பல வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே முறத்தில் குப்பை அள்ளின. அந்த ரோடு எந்த அளவுக்குச் சுத்தமானது என்றால், கம்பத்துக் கோழிகள் அதைக் கடக்கக் கூச்சப்பட்டு ஓரத்தில் நின்றன.

இதில் எதிர்பாராத ஒரு சிக்கல். கூட்டுவதற்குக் குப்பை தீர்ந்துவிட்டது. சும்மா நின்றால் அது மறியல் ஆகிவிடும். அக்கா யோசித்தார். லிம் அங்கிளைக் கூப்பிட்டார்.

"லிம், ஒங்க வீட்டு எலயெல்லாம் எங்க?"

லிம் அங்கிளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாக்கு சாக்காகக் கொண்டுவந்து, கல்யாண வீட்டில் பூ தூவுவது போலத் தன் மாமரத்துச் சருகை ரோடு முழுக்கத் தூவினார். நாங்கள் கூட்டினோம். திரும்பச் சாக்கில் கட்டினார். மறுநாள் திரும்பத் தூவினார்.

புது லோரி உள்ளே போகவில்லையே தவிர, உள்ளே ஏற்கெனவே மலையாகக் கிடந்ததை அவர்கள் எரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். புகை நிற்கவில்லை. ஒருநாள் தேவி நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போய், பாக் டின்னின் மகள் காடியில் ஏற்றி கிளினிக்குக் கூட்டிப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். மூச்சு மருந்து பிடித்து உட்கார்ந்திருந்தவள், முகத்திலிருந்த கருவியை விலக்கிவிட்டு, "நீங்க ஏன் இங்க வந்தீங்க, அங்க ஆள் கொறையும்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் போனேன்.

அன்றைக்குத்தான் விஷயம் முற்றியது. முதலாளி பொறுமையிழந்துவிட்டார் போல. லோரி இந்த முறை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே மெதுவாக முன்னேறியது. ஆட்கள் ஓரமாக ஒதுங்கத் தொடங்கினார்கள். நானும் ஒதுங்கத்தான் போனேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட வேகமாக ஒதுங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று அக்கா ரோட்டைச் சவுக்காரம் போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தார். என் கால் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். எழப் பார்த்தால், கால் எழவில்லை. முழங்கால் பிசகிவிட்டது. லோரிக்கு நேர் எதிரே, நடு ரோட்டில், சம்மணம் போட்ட சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

லோரி நின்றது. டிரைவர் நம் ஆள்தான். தலையை நீட்டினார்.

"அண்ணே, எந்திரிங்கண்ணே."

நான் எழத்தான் முயன்றேன். முடியவில்லை. வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். அது தவம் மாதிரித் தெரிந்திருக்கிறது. கூட்டம் கைதட்டியது. அக்கா பக்கத்தில் வந்து குனிந்தார். தூக்கிவிடத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன்.

"எந்திரிச்சிடாத தம்பி. அப்படியே இரு" என்றார் காதோடு. பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். லிம் அங்கிள் உட்கார்ந்தார். பாக் டின் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஒதுங்கியவர்கள் எல்லாம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து அந்தச் சவுக்காரத் தண்ணீரில் உட்கார்ந்தார்கள்.

டிரைவர் யாருக்கோ போன் செய்தார். சற்று நேரத்தில் மோட்டாரில் ஓர் இளம் போலீஸ்காரர் வந்தார். நல்ல பையன். ஆனால் இத்தனை பேர் ஈரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"யார் இங்கே தலைவர்?" என்று மலாயில் கேட்டார்.

கூட்டமே ஒரே குரலில், "பொம்பா" என்றது.

"யார்?"

"பொம்பா, பொம்பா" என்று அக்கா இருந்த பக்கம் எல்லோரும் கையைக் காட்டினார்கள். அக்காவுக்கு நேர் பின்னால், செம்பனை மரங்களுக்கு மேலே, அந்த நேரம் பார்த்துக் கருப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் கை போன திசையில் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஊரே தீயணைப்புப் படையைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறது, பாவம் என்று வாக்கிடாக்கியை எடுத்தார்.

அசல் பொம்பா வந்தது. சிவப்பு லோரி, ஏணி, சைரன் எல்லாவற்றோடும் வந்தது. குப்பை லோரியைப் பின்னால் நகரச் சொன்னார்கள். நாங்கள் எழுந்து வழிவிட்டோம், என்னை மட்டும் தூக்கி ஓரமாக வைத்தார்கள். தகரக் கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து ஒருவர், "ஒண்ணுமில்ல, சோறு ஆக்குறோம்" என்று குரல் கொடுத்தார். தீயணைப்பு அதிகாரி அந்தப் புகையை அண்ணாந்து பார்த்தார். அவ்வளவு புகையில் சோறு ஆக்கினால் மலாக்காவுக்கே விருந்து வைக்கலாம். பூட்டை வெட்டினார்கள்.

உள்ளே நாங்கள் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. வீட்டுக் கூரை உயரத்துக்குப் பிளாஸ்டிக் குவியல்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் தார் மாதிரி நின்றது. வீரர்கள் குழாயை விரித்தார்கள். அக்கா அவர்களுக்குப் பின்னால் வாளியோடு நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் அடிங்கலா, அந்தப் பக்கம் விட்டுட்டீங்க" என்று வழிநடத்தினார். அதிகாரி கடைசியில் அலுத்துப்போய், அத்தை என்கிற முறையில், "மக்சிக், நீங்கள் யார்?" என்று கேட்டார்.

அக்கா முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கப்பட்டு, "நானும் பொம்பாதான்" என்றார்.

அன்றைக்கே மஞ்சள் நாடா கட்டினார்கள். இந்த முறை அதிகாரிகள் சாயங்காலத்திலேயே வந்தார்கள். பார்க்க வேண்டியதெல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. விசாரணை, வழக்கு என்று போய், அந்த இடம் மூடப்பட்டது. சில மாதம் கழித்து வேறு பெயர்ப் பலகையோடு ஒரு லோரி அந்த ரோட்டுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வீடு கதவு திறந்தது, விளக்குமாறு வெளியே வந்தது. லோரி திரும்பிப் போய்விட்டது. பிறகு வரவில்லை. தேவி சன்னல் இடுக்குகளில் செருகியிருந்த துணிகளையெல்லாம் உருவி எடுத்து, துவைத்து, வெளியே காயப்போட்டாள். அன்று அவள் படுத்துத் தூங்கினாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தேன்.

என் முழங்கால் வாட்ஸ்அப் என்கிற புலனக் குழுக்களில் ஊர் ஊராகப் போனது. யாரோ படம் பிடித்திருந்தார்கள். "லோரியைத் தனியாக எதிர்கொண்ட தமிழ் எழுத்தாளர்" என்று பாட்டுப் போட்டு அனுப்பினார்கள். கோயில் மண்டபத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். நான் ஒலிவாங்கியைப் பிடித்து, "உண்மையில் நான் வழுக்கித்தான் விழுந்தேன்" என்று ஆரம்பித்தேன். கடைசி வரிசையிலிருந்து அக்காவின் குரல் மண்டபத்தையே நிறைத்தது.

"தன்னடக்கம் பாருங்க. பெரிய மனுசன்னா இப்படித்தான் பேசுவாங்க."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு வெளியே அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏன்கா இப்படிச் செஞ்சீங்க? நான் ஓடப் பார்த்தது உங்களுக்குத் தெரியும்ல?"

"எல்லாரும்தான் ஓடப் பாத்தோம்" என்றார். "நான் மட்டும் என்னா, செருப்பக் கையில எடுத்துட்டேன். சும்மா வா, கேசரி தீந்துடப் போவுது."

போன வருடம் அக்கா தையல் மிஷினைக் கட்டிக்கொண்டு கிளேபாங்கில் மகள் வீட்டோடு போய்விட்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். வழியனுப்பு விழா வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதனால் நாங்கள் எல்லோரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தது போலத் தெருவில் நின்றோம்.

அதன்பிறகு எங்கள் தாமான் ரொம்ப அமைதியாகிவிட்டது. தேவி மூன்று ரவிக்கை புதுத் தையல்காரரிடம் தைத்தாள். இரண்டு கையும் சரியாக இருந்தது. போட்டுப் பார்த்துவிட்டு, "என்னமோ மாதிரி இருக்குங்க" என்றாள்.

போன மாதம் நானும் அவளும் கிளேபாங் போனோம். போகிற வழியெல்லாம் காடியில் நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அக்கா, நீங்க இல்லாம தாமான் நல்லாவே இல்ல, எங்களத் திட்ட ஆளே இல்ல, திரும்பி வந்துடுங்க என்று சொல்ல வேண்டும். எழுத்தாளன் அல்லவா, இரண்டு மூன்று விதமாக வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன்.

அக்கா வீட்டில் இல்லை. கடற்கரையில் இருக்கிறார் என்றாள் மகள். போய்ப் பார்த்தோம். அலை ஒதுக்கிய பாட்டில்களும் பைகளும் மணல் முழுக்கக் கிடந்தன. தேங்காய்ப்பால் ஐஸ் விற்கும் கடைக்காரர்கள், மீன் பிடிக்கிறவர்கள், எங்கிருந்தோ வந்த கல்லூரிப் பெண்கள் என்று ஒரு பெருங்கூட்டம் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் அக்கா முழங்கால் வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. நலமா என்று கேட்கவில்லை.

"தேவி, நீ அந்த நெழல்ல உக்காரும்மா. தம்பி, இந்தச் சாக்கோட வாயப் பிடி. நல்லா விரிச்சிப் பிடி."

நான் சொல்ல வந்தது ஒன்றையும் சொல்லவில்லை. இருட்டுகிற வரைக்கும் சாக்கைப் பிடித்துக்கொண்டு, அவர் போன இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.